ஏற்காட்டுப் பிள்ளைக்கு மனநல சிகிச்சை எட்டுவது எப்படி? ஓர் எளிய விளக்கம்

சேலம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர்கள் இருக்கிறார்கள், மாத்திரை இலவசம். அப்படியிருந்தும் பேச்சு வராத ஒரு குழந்தையோ, பள்ளிக்கூடம் என்றாலே நடுங்கும் ஒரு பிள்ளையோ அங்கே வந்து சேர்வதற்குள் பல நேரம் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. சில பிள்ளைகள் வந்து சேர்வதே இல்லை.

தூரம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு டவுனையும் தாண்டி உள்ளடங்கிய ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் கூடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபட்டுவிடும். ஆனால் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கும் குடும்பத்துக்குப் பெரியாஸ்பத்திரி பக்கம்தானே? அந்த வீட்டுப் பிள்ளைக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே கிலோமீட்டரை மட்டும் அளந்து பார்த்தால் விஷயம் பிடிபடாது.

மனநல சேவை "எட்டும்படி இருக்கிறது" என்று எப்போது சொல்லலாம்? எனக்குத் தெரிந்த எளிய அளவுகோல் இது. பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று வீட்டில் ஒருவருக்கு உறுத்திய நாளையும், தகுந்த உதவி தொடர்ந்து கிடைக்கத் தொடங்கிய நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை மாதம், எவ்வளவு செலவு, எத்தனை அலைச்சல், எவ்வளவு வெட்கம்? இவை குறையக் குறையச் சேவை எட்டுகிறது என்று பொருள். கட்டடமும் கட்டிலும் எத்தனை இருக்கின்றன என்பது இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான்.

வழியில் எங்கே நின்றுபோகிறது

ஒரு தாயை மனதில் வைத்துக்கொள்வோம். மலைக்குள் ஒரு சிற்றூர், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை, இரண்டரை வயதில் ஒரு பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சொம்பின் மேல் வைக்கிறான், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலேயே. டப்பா மூடி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு, அது நின்றதும் மறுபடி சுழற்றுகிறான். இப்படியே காலைப்பொழுது போய்விடுகிறது. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது.

முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், சும்மா இரு" என்கிறார் மாமியார். ஆறு மாதம் போகிறது. அப்புறம் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். பயந்து போயிருக்கும் குடும்பத்துக்குச் சாமியும் ஊர்ப் பெரியவர்களும் தரும் ஆறுதல் உண்மையானது. கயிறும் இருக்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும். கயிறு கட்டியாயிற்று, இனி டாக்டர் எதற்கு என்று நின்றுவிடும்போதுதான் பிள்ளைக்கு நஷ்டம். ஏனென்றால் மூளை வேகமாக வளர்கிற வயது இது. பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார், தடுப்பூசி போடுகிறார், எடை பார்க்கிறார். அங்கன்வாடி டீச்சர் தினமும் பையனைப் பார்க்கிறார். "கூப்பிட்டா திரும்புறானா? விரலை நீட்டிக் காட்டுறானா? ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுறானா?" என்ற மூன்று கேள்விகளை யாராவது கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஒரு வயதுக்குள் பெயருக்குத் திரும்புவது, ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டிக் காட்டுவது, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்ப்பது ஆகியவை பொதுவான மைல்கற்கள். தவறினால் உடனே ஆட்டிசம், அதாவது பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் தெரியும் வளர்ச்சி வேறுபாடு, என்று அர்த்தமில்லை. ஆனால் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது பயணம். ஓ.பி. பார்ப்பது காலையில். மலையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். அன்றைய கூலி போகும். கூட வரும் கணவரின் கூலியும் போகும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை மும்முரமாக இருக்கும்போது லீவு கேட்கவே தயக்கம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் "பிள்ளையை ஒழுங்கா வளக்கத் தெரியல" என்கிற மாதிரி பார்க்கிறார்கள். இந்தப் பார்வைக்குப் பயந்தே வெளியே கிளம்பாத தாய்மார்கள் உண்டு.

நான்காவது, ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு எந்த வாசலுக்குப் போவது? குழந்தைகள் பிரிவா, காது மூக்கு தொண்டைப் பிரிவா, மனநலப் பிரிவா? பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதிப்பது சரியான நடைமுறைதான். ஆனால் அது ஏன் என்று யாரும் விளக்காவிட்டால், "காது நல்லாத்தான் இருக்கு, போங்கன்னுட்டாங்க" என்று நினைத்துக்கொண்டு குடும்பம் ஊருக்குத் திரும்பிவிடும்.

கடைசித் தடையைத்தான் மிகப் பெரிய ஓட்டையாக நான் பார்க்கிறேன். எல்லாம் தாண்டி வந்து, பரிசோதனை முடிந்து, பிள்ளைக்கு இருப்பது இன்னதென்று பெயரும் சொல்லியாயிற்று. "தெரபிக்கு வாரம் ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். வாரம் இரண்டு நாள் கூலியும் பஸ் சார்ஜும் விட்டுக்கொடுக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. ஒரு மாதம் வருகிறார்கள், அப்புறம் நின்றுவிடுகிறார்கள். "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று, சிகிச்சை தரும் பக்கத்தில் இருக்கும் நாம் சீட்டில் எழுதாவிட்டாலும் மனதில் எழுதிக்கொள்கிறோம். அக்கறை இல்லாமல் விடியலில் பஸ் ஏறி யார் வருவார்கள்? அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக்குப் பொருந்தாத சிகிச்சையை நாம் கொடுத்திருக்கிறோம்.

இடைவெளி எவ்வளவு பெரியது

தேவைப்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு சிகிச்சை கிடைக்கவில்லை என்பதைச் "சிகிச்சை இடைவெளி" என்பார்கள். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தெரிந்தது. நூறு பிள்ளைகளில் ஏழு பேர். அதே ஆய்வு, பெரும்பாலான மனநலக் கோளாறுகளுக்குச் சிகிச்சை இடைவெளி 70 சதவீதத்துக்கு மேல் என்றது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. குழந்தைகளுக்கென்றே தேர்ச்சி பெற்றவர்கள் அதிலும் மிகக் குறைவு, அவர்களும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் சேலத்துக் குடும்பங்கள் பெங்களூருக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் ரயில் ஏறுகின்றன.

இன்னும் நிறைய டாக்டர்களை உருவாக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இப்போது இரண்டரை வயதில் இருக்கும் பையன் அதுவரை காத்திருக்க முடியாது.

எல்லாப் பிள்ளைக்கும் சைக்யாட்ரிஸ்ட் வேண்டுமா?

வேண்டாம். காய்ச்சல் வந்தால் எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்கா ஓடுகிறோம்? வீட்டில் கஷாயம், அடங்காவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் மேல் என்றால்தான் பெரியாஸ்பத்திரி. மனநலத்திலும் இப்படிப் படிகள் இருக்கின்றன. இதைப் படிநிலைப் பராமரிப்பு என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழ்ப் படியிலேயே, வீட்டுக்கும் பள்ளிக்கும் பக்கத்திலேயே, உதவி கிடைத்துவிட வேண்டும். சிக்கலானவர்கள் மட்டும் மேல் படிக்குப் போக வேண்டும். நம் ஊரில் கீழ்ப் படி பல இடங்களில் இல்லாததால் குடும்பம் ஒன்று வீட்டிலேயே முடங்குகிறது, இல்லையென்றால் நேரே மேல் படிக்கு ஏற வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை நன்றாக விளையாடுகிறான், திங்களன்று சுருண்டு படுக்கிறான். ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் இல்லை. "நடிக்கிறான்" என்று அடி விழுகிறது. அவன் நடிக்கவில்லை. வலி நிஜம், காரணம்தான் வயிற்றில் இல்லை. உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினால் தெரியும்: தமிழ் வாசிக்கச் சொல்லி டீச்சர் எழுப்பும்போது எழுத்துகள் குழம்புகின்றன, வகுப்பு சிரிக்கிறது. இது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அல்லது பெரிய பையன்கள் மிரட்டுவதாக இருக்கலாம். அல்லது தான் பள்ளிக்குப் போனால் குடித்துவிட்டு வரும் அப்பா அம்மாவை அடிப்பாரோ என்ற பயமாக இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு உதவி. எதற்குமே முதல் நாளில் மாத்திரை தேவையில்லை. கேட்கத் தெரிந்த ஒருவர் பள்ளியிலேயே இருந்தால் போதும்.

அந்த ஒருவர் ஆசிரியராகவே இருக்கலாமே என்று உடனே தோன்றும். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. ஒரு பகுதிப் பள்ளிகளில் மனநலத் திட்டத்தை ஆசிரியர்களே நடத்தினார்கள். இன்னொரு பகுதியில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர், மனநலப் பட்டம் எதுவும் இல்லாதவர், அதே வேலையைச் செய்தார். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர்களிடையே மனச்சோர்வும் மிரட்டலும் குறைந்தன, பள்ளிச் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியருக்குத் திறமையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பாடம், தேர்வு, பதிவேடு, சத்துணவு, தேர்தல் வேலை என்று ஏற்கெனவே சுமக்கிறவர் தலையில் இன்னொன்றை வைத்தால் எதுவும் நடக்காது. தவிர, மார்க் போடுகிறவரிடம் பிள்ளை மனம் திறப்பதும் கஷ்டம். நம் பள்ளிகளுக்கும் இந்த வேலைக்கென்று ஒருவர் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டாக்டர் செய்யும் வேலையில் ஒரு பகுதியைப் பயிற்சி கொடுத்து மற்றவர்களிடம் பகிர்வது "பணிப் பகிர்வு". உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் இதை வற்புறுத்தி வருகிறது. ஆட்டிசம் போன்றவற்றிலும் இது நடக்கும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நிபுணரல்லாத பணியாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுவது, அது தொடங்கும் வரை காத்திருப்பது போன்ற சின்னச் சின்ன வழிகள். பெற்றோர் பழகும் விதம் மாறியது, குழந்தைகளும் தாங்களாகவே தொடர்புகொள்ளத் தொடங்கினார்கள்.

நம் மலைக்கிராமத்துப் பையனுக்கு இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். அவன் மூடியைச் சுழற்றுகிறான். அம்மா அதைப் பிடுங்காமல் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு மூடியைச் சுழற்றுகிறாள். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறான். அந்தக் கணத்தில் அவள் சிரித்து "சுத்துது!" என்கிறாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஏதாவது செய்யும் வரை, ஒரு பார்வையோ சத்தமோ வரும் வரை, பொறுத்துக் கொடுக்கிறாள். இதை அடுப்படியிலேயே, வேலை முடிந்து வந்த மாலையிலும் செய்யலாம். தெரபி என்றால் ஏசி அறையும் வண்ணப் பொம்மையும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் பார்த்து அடுத்த படியைச் சொல்லிக் கொடுத்தால், வாரம் இரண்டு முறை மலை இறங்க முடியாத குடும்பத்துக்கும் சிகிச்சை தொடரும்.

பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது

தலைப்பில் பிள்ளை என்று எழுதினாலும் சேவை வேண்டியது குடும்பத்துக்கு. பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு, குழந்தையைப் பார்த்தால் எதுவுமே தோன்றாமல் இருக்கும் தாய்க்கு இருப்பது மனச்சோர்வு. வீட்டில் அதைத் "திமிர்" என்றோ "பச்ச உடம்பு, போகப் போகச் சரியாயிடும்" என்றோ சொல்லிவிடுகிறோம். ராவல்பிண்டி கிராமங்களில் மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளைச் சுகாதாரப் பணியாளர்கள் வழக்கமான வீட்டுச் சந்திப்பிலேயே பேச்சு வழியாகக் கவனித்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. மற்ற ஊர்களில் அது 53 சதவீதம். 2008இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: உதவி கிடைத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது, தடுப்பூசியும் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். தாயின் மனதைக் கவனித்ததில் குழந்தையின் உடம்பு தேறியிருக்கிறது.

அப்பாவின் குடிக்கும் இது பொருந்தும். குடிநோய்க்குச் சிகிச்சை கொடுப்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் மனநலச் சிகிச்சைதான். வேலை தேடி வெளியூர் போன பெற்றோரின் பிள்ளைகளைத் தாத்தா பாட்டிதான் வளர்க்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

மலையில் இன்னொரு கூட்டம் பிள்ளைகள் இருக்கிறார்கள், விடுதிப் பிள்ளைகள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும், மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த சிறுமியும், வெளியூரிலிருந்து ஏற்காட்டுத் தனியார் பள்ளிக்கு வந்து தங்கியிருக்கும் பையனும் இரவில் அழும்போது முதலில் பார்க்கிறவர் வார்டன்தான். அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பது பெரிய செலவே அல்ல.

சரி, சேலத்தில் எங்கே போவது?

ஆறு வயதுக்குள் வளர்ச்சி பற்றிச் சந்தேகம் என்றால், அங்கன்வாடியிலோ கிராம செவிலியரிடமோ சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், வளர்ச்சித் தாமதமும் அதில் அடக்கம். அவர்கள் வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். அவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் தெரியும். காது, பேச்சு, மனவளர்ச்சி, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது அது. பல வாசல் அலைச்சல் அங்கே குறையும்.

பள்ளி வயதுப் பிள்ளையின் கற்றல் சிக்கலுக்குக் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியர்களைக் கேளுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. கற்றல் குறைபாடு என்று முறையாகச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எல்லாமே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எது என்று கேட்டுப் போனால் விவரம் சொல்வார்கள்.

பயம், மனச்சோர்வு, திடீர் கோபம், தூக்கமின்மை, சாமியாட்டம் போலவோ வலிப்பு போலவோ வந்துபோகும் மயக்கம் போன்றவற்றுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவைக் கேளுங்கள். 1996இல் இந்தத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் திருச்சியில் ஆரம்பித்தார்கள். மனநல மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் வெளியூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் போய்ப் பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனால் மலை இறங்காமலேயே வேலை முடியக்கூடும்.

போனில் பேச 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு அடி, உதை, பாலியல் தொல்லை என்றால் 1098. ஆனால் போன் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. வீட்டில் ஒரே போன், அதுவும் கணவர் பையில் இருக்கும். மாமியார் காதில் விழாமல் ஒரு பெண் எங்கே நின்று பேசுவாள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையும் ஒரு போனும் ஒதுக்கிக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு இன்னும் பயன் இருக்கும்.

"சாகப்போறேன்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பிள்ளைகளுக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே நிம்மதி. வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் பூட்டுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவசரம் என்றால் 108.

இரண்டு பயங்கள்

"மாத்திரை சாப்பிட்டா அதுக்கே அடிமையாயிடுவான்." எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. ஆட்டிசத்துக்கு என்று அதைக் குணப்படுத்தும் மாத்திரையே கிடையாது, பயிற்சிதான். சில நிலைகளுக்கு மருந்து நிஜமாகவே தேவைப்படும். எதற்கு, எவ்வளவு நாள், என்ன பக்க விளைவு என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கேளுங்கள். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்னொன்று, "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கட்டுவாங்க?" ஊர் பேசும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன ஊரில் பெயர் ஒட்டிக்கொண்டால் விடாது. ஆனால் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல், சர்க்கரை பார்க்கும் அதே வரிசையில் மனநலமும் பார்த்தால் யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதனாலும் சேவை பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்க வேண்டும், தனிப் பலகை மாட்டிய கட்டடத்துக்குள் அல்ல.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவையைப் பெறுவது எல்லாருக்கும் உரிமை. குழந்தைகளுக்கான மனநல சேவை அதில் இருந்தாக வேண்டும். குழந்தைகள் உட்பட யாரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது, அவரவர் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும். மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு சேவை கூட இல்லையென்றால், அங்கேயுள்ள வேறு மனநல சேவையை நாடலாம், செலவை அரசு ஏற்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, கார்டு இல்லாவிட்டாலும், இலவசம். இந்த உரிமை கிடைக்காதபோது இலவச சட்ட உதவி கேட்கவும் அதே சட்டத்தில் வழியிருக்கிறது.

அப்படியென்றால் ஏற்காட்டுக்குக் குழந்தைகள் மனநலக் குழுவை அனுப்புங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். தீர்மானத்தில் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம்: மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதம் ஒரு நாள் மலைக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும், அந்த நாள் மாறக்கூடாது, சந்தை நாளாகவோ கூலி கொடுக்கும் நாளாகவோ இருக்கக்கூடாது, தேதியை அங்கன்வாடிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போட வேண்டும், பெயருக்குத் திரும்புவது, விரல் நீட்டுவது, இரண்டு சொல் சேர்ப்பது பற்றிய அந்த மூன்று கேள்விகளைக் கேட்க அங்கன்வாடி டீச்சருக்கும், அழும் பிள்ளையைக் கவனிக்க விடுதி வார்டனுக்கும் பயிற்சி தர வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, என்ன ஆயிற்று என்று கேட்க அது வேண்டும்.